பாஸ் வேலையை யார் கையில் கொடுப்பது?

போன மாதம் மச்சினன் போன் செய்தான். சிங்கப்பூர் தேக்காவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் பிடித்துவிட்டான், அடுப்பு, எக்ஸாஸ்ட் எல்லாம் பேசி முடித்தாயிற்று, ஊரிலிருந்து ஒரு சமையல் மாஸ்டரைக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பாஸ், அதாவது அரசின் வேலை அனுமதி, எடுக்க வேண்டும். "மாமா, பாஸ் வேலையை ஏஜென்ட்டிடம் விட்டுடலாமா, இல்ல நாமே பார்த்துக்கலாமா? ரூல்ஸ் மாறிக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்களே" என்றான். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், சிங்கப்பூரில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற வேறு யாருக்காவது உதவும். எழுதுவது 2025 கடைசியில். எண்களை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மாறிக்கிட்டே இருக்கு' என்பதைப் பார்ப்போம். அது உண்மைதான். 2023 செப்டம்பருக்கு முன்னால் ஒரு இந்திய உணவகம் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் (குறைந்த சம்பள வேலைகளுக்கான பாஸ்) எடுக்கவே முடியாது. சேவைத் துறையில் மலேசியா, சீனா, அப்புறம் ஹாங்காங், தைவான் மாதிரி சில இடங்கள், அவ்வளவுதான். தோசை மாஸ்டர் வேண்டும் என்றால் எஸ் பாஸில்தான் (அதற்கு மேல்படி, சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய பாஸ்) எடுக்க வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள், சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுவும் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் 'இந்திய உணவகம்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், எந்த உணவகமும் சமையல்காரரை எடுக்கலாம். அதாவது நம் மாஸ்டருக்கு இப்போது பக்கத்துத் தெரு மேற்கத்திய உணவகக்காரனும் போட்டி.

இதற்கு நடுவே 2023 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டின் குறைந்த அளவை ஆண்டுக்கு 60,000 வெள்ளி ஆக்கினார்கள். 2024 ஜூலையில் உள்ளூர் தகுதிச் சம்பளம், அதாவது உள்ளூர்க்காரரை முழு ஆளாகக் கணக்கில் எடுக்க அவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த சம்பளம், 1,400 வெள்ளியிலிருந்து 1,600 ஆனது. 2025 ஜூலையில் வொர்க் பெர்மிட்காரர் இத்தனை ஆண்டுதான் இங்கே வேலை செய்யலாம் என்ற உச்ச வரம்பை நீக்கி, வயது வரம்பை 60-லிருந்து 63 ஆக்கினார்கள். எஸ் பாஸ் குறைந்தபட்சச் சம்பளம் 2023 செப்டம்பரில் 3,150, 2025 செப்டம்பரில் 3,300. எஸ் பாஸ் லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தொகை, 450, 550, இப்போது 650. படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இல்லையா?

ஆனால் அந்தத் தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். ஜூலை 1, செப்டம்பர் 1. எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நிபுணர், மேலாளர் மாதிரி ஆட்களுக்கான பாஸ்) சம்பளத்தை 5,600 ஆக்கியது 2025 ஜனவரி 1-இல். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம், அதை ஒட்டி மார்ச் வாக்கில் மனிதவள அமைச்சின் செலவின விவாதம், அதில்தான் பெரும்பாலும் அறிவிப்பு வரும். அமலுக்கு வருவது ஜூலையிலோ செப்டம்பரிலோ, சில சமயம் அடுத்த ஜனவரியிலோ. நடுராத்திரியில் யாரும் நம் கழுத்தைப் பிடிப்பதில்லை. மார்ச் மாதம் பத்து நாள் தமிழ் முரசு நாளிதழைத் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் தமிழிலேயே கிடைத்துவிடும், அமைச்சின் தளத்தில் மீதி இருக்கிறது. அதனால் விதி மாறுவதைத் தெரிந்துகொள்வது பெரிய வேலையே இல்லை. நம் கடைக்கணக்கு மாறுவதைத் தெரிந்துகொள்வதுதான் வேலை. இது எனக்குப் பட்ட பிறகுதான் புரிந்தது.

பட்ட கதையைச் சொல்கிறேன். அப்போது எங்கள் கடையில் உள்ளூர்க்காரர் முழுநேரமாக எட்டுப் பேர், பகுதிநேரப் பிள்ளைகள் இரண்டு பேர், வெளிநாட்டு ஊழியர் நான்கு பேர். அமைச்சின் கணக்கு எப்படி என்றால், 1,600 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்கும் உள்ளூர்க்காரர் ஒரு ஆள்; 800-லிருந்து 1,600-க்குள் வாங்குபவர் அரை ஆள்; 800-க்குக் கீழே போனால் ஆளே இல்லை. ஆக எட்டு, இரண்டு அரை சேர்த்து ஒன்று, நான்கு: மொத்தம் 13. சேவைத் துறையில் வெளிநாட்டவர் 35 விழுக்காடு வரை (இந்த வரம்பைத்தான் கோட்டா என்கிறோம்), அதாவது 4.55, கீழே இறக்கினால் 4. இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வருபவர் 8 விழுக்காடு, 1.04, கீழே இறக்கினால் 1. அந்த ஒருவர் எங்கள் தோசை மாஸ்டர், திருவாரூர்ப் பக்கத்துக்காரர். கணக்கு நூலிழையில் நின்றுகொண்டிருந்தது, அது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

பாத்திரம் கழுவும் அக்கா, எங்களிடம் ஆறு வருடம் இருந்தவர், மகளுக்குப் பிள்ளை பிறந்தது என்று நின்றுவிட்டார். பகுதிநேரம் வந்த ஒரு பெண்ணுக்குப் பாலிடெக்னிக் திறந்துவிட்டது, வார இறுதியில் மட்டும் வந்தாள், அந்த மாதச் சம்பளம் 780 வெள்ளி. இருபது வெள்ளி குறைவு, அரை ஆள் போச்சு. இப்போது மொத்தம் 11.5. 35 விழுக்காடு என்றால் 4.025, நான்கு பேருக்கு இன்னும் இடம் இருக்கிறது. 8 விழுக்காடு என்றால் 0.92. கீழே இறக்கினால் பூஜ்யம். கடையில் வேறு எவருக்கும் ஒன்றும் ஆகாமல், தோசை மாஸ்டர் ஒருவர் மட்டும் கணக்கிலிருந்து விழுந்தார்.

எங்கள் ஏஜென்ட் பெர்மிட் காலாவதியாக ஆறு வாரம் இருக்கும்போது புதுப்பிக்கப் போட்டார். "அண்ணே, கோட்டா இல்லேன்னு வருதே" என்று போன். உடனே ஒரு ஆளை வேலைக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது. மத்திய சேம நிதியில் (சிபிஎஃப்) கட்டிய கணக்கை வைத்துத்தான் ஆட்களை எண்ணுகிறார்கள், அதுவும் கடந்த மூன்று மாதச் சராசரியாக. இன்று எடுத்த ஆள் முழு ஆளாகத் தெரிய மாதக் கணக்காகும். அப்போது ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார், வீட்டில் பெரியம்மா யாராவது இருந்தால் அவர் பெயரில் சம்பளம் போடுவது மாதிரி சிபிஎஃப் கட்டிவிடுங்கள் என்று. வேலை செய்யாத ஆளைக் காட்டிக் கோட்டா ஏற்றுவது குற்றம், அது தெரிந்துதான் குரலைத் தாழ்த்தினார். பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு, ஆளெடுக்கும் உரிமையும் போகும். பெரியம்மாவும் நானும் ஒரே வழக்கில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மாஸ்டருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு நான்கு மாதம் தோசைக்கல்லில் நின்றவன் நான்தான். ரவா தோசை கிழிந்து கிழிந்து வந்தது, வாடிக்கையாளர்கள் பெரிய மனதுக்காரர்கள்.

ஏஜென்ட்டைத் திட்டலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவருக்கு நாங்கள் கொடுத்தது விண்ணப்பம் போடும் வேலைக்கான காசு. அவர் கையில் இருந்தது காலாவதித் தேதி. எந்த அக்கா எந்த மாதம் நின்றார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பாருங்கள்.

ஏஜென்ட்டின் நல்ல பக்கம் ஆள் தேடுவது. ஊரில் மாஸ்டர் யார், உண்மையிலேயே பரோட்டா வீசுவாரா அல்லது வீடியோவில் மட்டும் வீசுவாரா என்று பார்த்துச் சொல்ல அவருக்கு ஆள் இருக்கும். முதல் முறை விண்ணப்பம் போடும்போது எந்தப் படிவம், எந்தத் தொழில் பெயர், பாண்ட் (அரசுக்குக் கொடுக்கும் பிணை உறுதி) எப்போது, காப்பீடு எப்போது என்று குழப்பம் இல்லாமல் முடித்துக் கொடுப்பார். புதிதாகக் கடை திறப்பவனுக்கு இது பெரிய ஆறுதல். அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் அதன் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள், நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமல்ல, நம்மிடம் பேசும் ஆளுக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். ஊழியரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தில் ஒரு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. ஊரில் அந்தப் பையன் நகையை அடகு வைத்து யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று நேராகக் கேளுங்கள், கேட்காமல் விடுவது நமக்கும் ஆபத்து. அந்தப் பணத்தில் ஒரு வெள்ளி நம் கைக்கு வந்தாலும் அது லஞ்சம்தான். வேலை கொடுக்கக் காசு வாங்கிய முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

கெட்ட பக்கம், அவருக்குப் புது விண்ணப்பத்தில்தான் வரும்படி. பழைய ஆளைத் தக்கவைப்பதில் அவருக்கு என்ன கிடைக்கும்? வொர்க் பெர்மிட் விண்ணப்பத்துக்கு அமைச்சு வாங்குவது 35 வெள்ளி, பாஸ் வெளியிட இன்னொரு 35. மேலே நாம் கொடுப்பதெல்லாம் அவருடைய உழைப்புக்கு, அது எவ்வளவு உழைப்பு என்று ஒரு தடவை நாமே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். புதுப்பித்தல் என்பது அரை மணி நேர வேலை. அப்புறம் லெவி விலக்கு என்று ஒன்று இருக்கிறது. ஊழியர் ஊருக்கு விடுமுறையில் போய்த் தொடர்ந்து ஏழு நாளாவது வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்களுக்கு லெவி கட்ட வேண்டாம், ஆண்டுக்கு 60 நாள் வரை. ஆனால் நாம் கேட்க வேண்டும், தானாக வராது. எங்கள் சைனீஸ் குக் பெருநாளுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்ததற்கு யாரும் கேட்கவில்லை. அந்த லெவி காற்றில் போனது. ஏஜென்ட் வேலை இல்லை அது என்றார், நியாயம்தான்.

இரண்டாவது வழி, மாதாமாதம் கணக்குப் பார்க்கும் நிறுவனத்திடமே பாஸ் வேலையையும் கொடுப்பது. சம்பளப் பட்டியல், சிபிஎஃப், வரி எல்லாம் ஏற்கனவே அவர்கள் கையில். 780 வெள்ளி சம்பளம் போட்டது யார்? அவர்கள்தான். அந்த எண் கோட்டாவைத் தொடும் என்று பார்க்கக்கூடிய ஒரே வெளி ஆளும் அவர்கள்தான். அதனால் தத்துவமாகப் பார்த்தால் இதுதான் சரியான வழி. நடைமுறையில் இரண்டு கேள்வி. ஒன்று, அவர்களிடம் வேலைவாய்ப்பு முகவர் உரிமம் இருக்கிறதா? மற்றவருக்காக பாஸ் விண்ணப்பம் போடுவது முகவர் வேலை, கணக்குப்பிள்ளை என்பதற்காக விதிவிலக்கு இல்லை. பல பேர் "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், உரிம எண் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். இரண்டாவது, கோட்டா எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டு அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடிகிறதா? நான் விசாரித்த மூன்று இடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்கள். அவர்கள் கேட்டது கணக்கு வேலைக்கு மேல் மாதம் 250 வெள்ளி. ஒரு வொர்க் பெர்மிட் லெவியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பதினான்கு பேர் கடைக்கு அது கனம்தான், முப்பது பேர் கடைக்கு இல்லை.

எது எடுத்தாலும் ஒன்று: அரசுச் சேவைகளுக்குள் இணையத்தில் நுழைய வைத்திருக்கும் உங்கள் சிங்பாஸை யாரிடமும் கொடுக்காதீர்கள். நிறுவனங்களுக்கான கார்ப்பாஸில் வெளி நிறுவனத்துக்கு இந்தச் சேவைக்கு மட்டும் என்று அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க அண்ணே" என்று போன் வந்தால் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் அவர் என்ன சம்பளம் போட்டாலும் கையெழுத்து நம்முடையது. 2,000 என்று போட்டுவிட்டு 1,700 கொடுத்தால் மாட்டுவது நாம், படிவம் நிரப்பியவர் அல்ல.

மென்பொருள். இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். காலாவதித் தேதிக்கு நினைவூட்டும், விடுப்பைக் கணக்கு வைக்கும், சம்பளச் சீட்டு அடிக்கும். எனக்குக் காட்டிய இரண்டிலும் 35 விழுக்காட்டுக் கணக்கு இருந்தது, 8 விழுக்காட்டுக் கணக்கு இல்லை. விற்க வந்த பிள்ளை நல்ல பிள்ளை, "அது அடுத்த அப்டேட்டில் வரும் சார்" என்றான். நமக்கு அந்த 8-தான் உயிர். வேறு மென்பொருளில் இருக்கலாம், வாங்குமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழு ஒரு வழியே அல்ல, ஆனாலும் பாதிப் பேர் அதைத்தான் நம்பி ஓட்டுகிறார்கள். கடைக்காரர் குழுவில் ஒருத்தர் குரல் பதிவு போடுவார், "இனிமே பெர்மிட் எத்தனை வருஷம் வேணாலும் புதுப்பிக்கலாமாம்" என்று. பாதி உண்மை. உச்ச வரம்பு போனது, கோட்டாவும் வயதும் போகவில்லை. விதி மாறியிருக்கிறது என்ற வாசனை பிடிக்க அந்தக் குழு நல்லது, கையெழுத்துப் போட அமைச்சின் பக்கம் நல்லது. வர்த்தக சபை, சங்கம் மாதிரி இடங்களில் அவ்வப்போது நடக்கும் விளக்கக் கூட்டங்கள் இதைவிட நூறு மடங்கு மேல், கேள்வி கேட்கலாம். மதியம் மூன்று மணிக்கு வைத்தால் கடைக்காரன் வர முடியும், இரவு ஏழு மணிக்கு வைக்கிறார்கள், என்ன செய்ய.

கடைசி வழி, நாமே பார்ப்பது. நான் இப்போது இதில்தான் இருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது, அதில் சிவப்புப் பேனாவில் மூன்று வகைக் குறி: 'பா' என்றால் பாஸ் முடியும் தேதி, 'கா' என்றால் காப்பீடு, 'வி' என்றால் விதி அமலுக்கு வரும் நாள். அப்புறம் ஒரு எக்செல் பக்கம், ஒவ்வொரு மாதமும் சிபிஎஃப் கட்டும் அன்று அதைத் திறப்பேன். ஆள் பெயர், அந்த மாதச் சம்பளம், ஒன்று, அரை, அல்லது பூஜ்யம். கீழே மொத்தம், அதை 0.35, 0.10 (எஸ் பாஸ் கோட்டா), 0.08 ஆல் பெருக்கி மூன்று கட்டம். 8 விழுக்காட்டுக் கட்டம் 1.1-க்குக் கீழே வந்தால் மஞ்சள் ஆகும்படி என் மகள் செய்து கொடுத்தாள். போன ஆகஸ்டில் ஒரு தடவை மஞ்சள் ஆனது. பகுதிநேரப் பையனைக் கூப்பிட்டு, தம்பி, வியாழக்கிழமை சாயங்காலமும் வருகிறாயா என்று கேட்டேன். வந்தான். அவ்வளவுதான், நான்கு மணி நேரத்தில் தீர்ந்த பிரச்சினை.

இதன் குறை என்ன? நாம் காய்ச்சலில் படுத்தால் காலண்டரை யார் பார்ப்பது என்பதுதான். இன்னொன்று, சில விஷயம் படித்தாலும் பிடிபடாது. உதாரணத்துக்கு, உள்ளூர் பகுதிநேரக்காரருக்கு மணிக்குக் குறைந்தது 10.50 வெள்ளி, இது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் எல்லாக் கடைக்கும் கட்டாயம். அது போக உணவுச் சேவைத் துறைக்கு 2023 மார்ச்சிலிருந்து படிப்படியாக உயரும் சம்பள முறை தனியாக ஓடுகிறது. இரண்டில் எது அதிகமோ அதைப் பார்க்க வேண்டும், வேலைப் பெயரைப் பொறுத்து மாறும். முதல் முறை நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். தெரிந்த ஒருவரிடம் ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, காசு கொடுத்து என் எக்செல் பக்கத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறேன். மாதக் கட்டணம் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். ஏப்ரல் எதற்கு என்றால் மார்ச் அறிவிப்பு முடிந்து தூசி அடங்கியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் 1-க்கு முன்னால்.

மச்சினன் அப்போது குறுக்கே கேட்டான், இத்தனை தொல்லை எதற்கு, மாஸ்டரை எஸ் பாஸிலேயே எடுத்துவிட்டால் 8 விழுக்காடு பிரச்சினையே இல்லையே என்று. நல்ல கேள்வி, ஆனால் காசைப் பார். வொர்க் பெர்மிட் என்றால் சம்பளம் 2,000-லிருந்து, லெவி அடிப்படை நிலையில் 450 வெள்ளி, திறன் தகுதி நிரூபித்தால் 300, கூடவே 5,000 வெள்ளிக்குப் பாண்ட். எஸ் பாஸ் என்றால் பாண்ட் இல்லை, லெவி 650, சம்பளம் 3,300-லிருந்து. இந்த 'லிருந்து' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 3,300 என்பது 23 வயதுப் பையனுக்கு. வயது ஏற ஏற அது ஏறும், 45-க்கு மேல் 4,800. இருபது வருடம் கல்லில் நின்ற மாஸ்டருக்கு 23 வயதா இருக்கும்? ஆக மாதம் மூவாயிரம் வெள்ளி வித்தியாசம் வரலாம். எஸ் பாஸுக்கும் 10 விழுக்காட்டுக் கோட்டா இருக்கிறது, ஒன்பதரை ஆள் இருக்கிற கடைக்கு அதுவும் பூஜ்யம்தான். பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் அரசின் வேலைத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சரில் 14 நாள் விளம்பரம் வேறு.

எஸ் பாஸுக்கு ஒரே ஒரு இடத்தில் நான் சரி சொல்வேன்: பத்திலிருந்து பன்னிரண்டு பேருக்குள் கடையை நிறுத்த நினைப்பவருக்கு. பன்னிரண்டு பேரில் 8 விழுக்காடு 0.96, இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட் ஆள் கிடையவே கிடையாது. 10 விழுக்காடு 1.2, ஒரு எஸ் பாஸ் உண்டு. அங்கே இளம் வயது மாஸ்டர் கிடைத்தால் கணக்கு கட்டுப்படியாகலாம். பதின்மூன்று ஆள் ஆகிவிட்டால் பெர்மிட்தான். அதற்காக ஒரு ஆளைக் கூட்டிக்கொள்வதா என்றால், கல்லாவுக்கு ஒரு உள்ளூர் அக்காவை எடுப்பதும் எஸ் பாஸ் சம்பளத்தில் கூடும் காசும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். அக்கா இருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடலாம். சமையல்காரர் என்று வந்த ஆளைக் கல்லாவில் உட்கார வைக்க முடியாது, பெர்மிட்டில் என்ன வேலையோ அதுதான். பின்னால் வேறு நிறுவனப் பெயரில் இரண்டாவது கடை போட்டால் அங்கே அனுப்பவும் முடியாது.

அப்போ எனக்கு என்னதான் சொல்றீங்க என்றான். சொன்னேன். முதல் மாஸ்டரை ஏஜென்ட் மூலம் எடு, உரிமம் பார்த்து. ஐபிஏ என்கிற முன் ஒப்புதல் கடிதம் வந்ததும் அதில் இருக்கும் சம்பளத்தை நீயே ஒரு தடவை படி, தமிழில் உள்ள பிரதியை மாஸ்டர் விமானம் ஏறுமுன் அவர் கையில் கிடைத்ததா என்று அவருக்கே போன் போட்டுக் கேள், ஏஜென்ட்டிடம் கேட்காதே. அது முடிந்த கையோடு புதுப்பித்தல், லெவி விலக்கு, முகவரிப் பதிவு எல்லாவற்றையும் உன் பெயருக்கு மாற்றிக்கொள். எக்செல் பக்கத்தை நான் அனுப்புகிறேன். ஆட்கள் இருபதைத் தாண்டினால், அல்லது நீ இரண்டாவது கடை போட்டால், கணக்கு நிறுவனத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடு. மென்பொருள்காரன் வந்தால் காபி கொடு.

இப்போதே ஏஜென்ட்டும் வேண்டாம், எல்லாம் நீயே பார் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. கடை திறக்கும் முதல் ஆறு மாதம் அவனுக்குத் தூக்கமே இருக்காது. கிரீஸ் டிராப், உணவு சுகாதார வகுப்பு, சப்ளையர் பாக்கி என்று ஆயிரம் இருக்கும். அந்தக் களைப்பில் 2,000-க்குப் பதில் 200 என்று தட்டிவிடுவான். நான் தட்டியிருக்கிறேன்.

எனக்கே இப்போது ஒரு தலைவலி காத்திருக்கிறது. எங்கள் தந்தூரி மாஸ்டர் எஸ் பாஸ்காரர், பழைய கணக்கில் வந்தவர். புது சம்பள அளவு புதுப்பித்தலுக்கு 2026 செப்டம்பர் 1 முதல் காலாவதியாகும் பாஸ்களிலிருந்து பொருந்தும். அவருடையது முடிவது 2026 அக்டோபர் 9. சீக்கிரமே, ஜூலையில் புதுப்பித்துவிட்டால் பழைய அளவில் தப்பிக்கலாமே என்று அவரே கேட்டார். முடியாது, பார்ப்பது காலாவதித் தேதியைத்தான், விண்ணப்பம் போட்ட தேதியை அல்ல. அதுவும் அந்த ஜூனில் அவருக்கு 45 முடிகிறது. "பிறந்த தேதியை ஸ்கூல்ல ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டுட்டாங்க தம்பி" என்று சொல்லிச் சிரிக்கிறார். 4,800 கொடுக்க என்னால் முடியாது. அவரை வொர்க் பெர்மிட்டுக்கு மாற்ற வேண்டும் என்றால் 8 விழுக்காட்டில் இரண்டாவது இடம் வேண்டும், அதற்குக் கடையில் 25 பேர் வேண்டும். எங்களிடம் பதினான்கு பேர். தோசையா தந்தூரியா என்று ஒன்பது மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்த வருடக் காலண்டர் நகைக்கடையிலிருந்து நேற்றுத்தான் வந்தது. முதல் வேலையாக அக்டோபர் தாளைத் தூக்கி ஒன்பதாம் தேதியில் 'பா' போட்டேன், திரும்பி ஜூனுக்கு வந்து அவர் பிறந்தநாளில் ஒரு வட்டம். மாஸ்டர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கேக் வெட்டப் போறீங்களா?" என்றார்.